பட்டாளமா, ஓட்டுச்சீட்டா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "பத்து வருஷம் பட்டாளத்துக்காரன் கையில் கொடுத்தால் நாடு உருப்படும்." சொல்பவரின் கோபம் புரிகிறது. ஆனால் பக்கத்து நாடுகள் அதைச் செய்து பார்த்துவிட்டன.

பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என மூன்று முறை தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1958-ல் வந்த தளபதி அயூப்கான் காலத்தில் தொழில் வளர்ந்தது நிஜம்தான். ஆனால் பெரும்பங்கு 22 குடும்பங்கள் கையில் இருப்பதாக 1968-ல் அந்த அரசின் பொருளாதார வல்லுநர் மஹ்பூப் உல் ஹக்கே சொன்னார். அப்புறம் 1970 தேர்தல். கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) ஜெயித்த முஜிபுர் ரஹ்மானின் கட்சிக்கு ஆட்சி தரவில்லை, ராணுவத்தை அனுப்பினார்கள். அடுத்த வருஷமே நாடு இரண்டாக உடைந்தது. வங்கதேசத்திலும் 1975, 1982 என்று அதே கதை.

சரி, நம் பக்கம் மட்டும் சுத்தமா? இல்லை. 1957-ல் கேரளம் தேர்ந்தெடுத்த அரசை 1959-ல் டெல்லி கலைத்தது. 1975-ல் நெருக்கடி நிலை கொண்டுவந்ததும் தேர்தலில் வந்தவர்கள்தான். ஆனால் 1977-ல் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது ஓட்டு. ஒரு தோட்டாகூடத் தேவைப்படவில்லை. அயூப்கானை இறக்கவோ மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள், வந்தவரும் இன்னொரு தளபதி.

எங்கள் கிராம சபையில் ஒரு அக்கா காலிக் குடத்தை மேஜைமேல் வைத்து, "குழாயில் தண்ணி எப்ப வரும்?" என்று மெம்பரிடம் கேட்டார். மெம்பர் எழுந்து நின்று பதில் சொன்னார். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் அந்தக் குடத்தை யார் கொண்டுபோய் வைப்பது?