கடலூர்–பாண்டி பேருந்தில் ஏழு வருடம், ட்ராமில் நான்கு வருடம்

2018 கடைசியிலிருந்து மஞ்சக்குப்பத்தில் இருந்து பாண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அதற்கு முன் நான்கு வருடம் பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க் ஊரில், அக்கா குடும்பத்தோடு தங்கி ஒரு உணவகத்தில் வேலை பார்த்தேன். அங்கே தினமும் ட்ராம், இங்கே தினமும் பேருந்து. இரண்டிலும் வருடக்கணக்கில் போய்வந்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை: கடலூர்–பாண்டி வழிக்கு லைட் ரயில், அதாவது அந்த ட்ராம் போலச் சாலை மட்டத்தில் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சார ரயில், வேண்டும்.

பேருந்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஏழு வருடமாகச் சோறு போடுவது அதுதான். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே 22 கிலோமீட்டர்தான், அடுத்தடுத்து வண்டியும் உண்டு. ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை நன்றாகவே போகும். தவளக்குப்பம் நான்குமுனையில் முதல் நிறுத்தம் விழும். அரியாங்குப்பத்தில் ஊர்ந்து, முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும். நல்ல நாளில் ஐம்பது நிமிடத்தில் போய் இறங்கியிருக்கிறேன். ஒன்றேமுக்கால் மணி நேரமும் ஆகியிருக்கிறது. எந்த நாள் நல்ல நாள் என்று ஏறும்போது தெரியாது. அதனால் ஒன்பது மணி வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்புகிறேன். சீக்கிரம் போய்விட்டால் கடை திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரமெல்லாம் என் பிள்ளையோடு நான் இருந்திருக்க வேண்டிய நேரம்.

ஒரு நாள் ரெட்டிச்சாவடியில் ஒரு ஆயா ஜிப்மர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற முயன்றார். முதல் படியே முட்டி உயரம். "கையப் புடிச்சிக்கிங்க ஆயா" என்றேன். "இருப்பா, காலு மடங்க மாட்டேங்குது" என்றார். அதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. நான் கத்தி நிறுத்தினேன். நடத்துநரையும் குறை சொல்ல முடியாது, பின்னால் அடுத்த வண்டி ஒலிப்பானை அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ட்ராமின் தளமும் நடைமேடையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். சக்கர நாற்காலிக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் உள்ளே வருவார்கள், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். அந்த ஆயாவுக்கு அங்கே என் கை தேவைப்பட்டிருக்காது.

இருக்கிற ரயிலில் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பாண்டியில் ஏறினால் விழுப்புரம் போய், அங்கே மாறிக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்கு வர வேண்டும். 22 கிலோமீட்டருக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம், பாண்டி வழியாகக் கடலூருக்குப் புதுப் பாதை 2008-09 ரயில்வே பட்ஜெட்டிலேயே சேர்க்கப்பட்டது. இன்னும் தண்டவாளத்தைக் காணோம்.

சரி, அந்த ஊர் ட்ராமுக்கு வருகிறேன். அங்கேயும் பழைய ட்ராமை 1960-இல் நிறுத்தியிருக்கிறார்கள், சென்னையில் 1953-இல் நிறுத்தியது போல. கார் பெருகி ஊர் மூச்சுத் திணறியதும் 1994-இல் புதிதாகப் போட்டார்கள். நான் இருந்தது இல்கிர்ஷ் என்ற புறநகர். அங்கிருந்து ஊர் நடுவில் இருக்கும் ஓம் து ஃபேர் நிறுத்தத்துக்கு ஏ வழித்தடம். சாலையோடு சாலையாகத்தான் போகும், ஆனால் தண்டவாளத்துக்குத் தனி இடம். பல இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்த்திருப்பார்கள். சந்திப்பில் ட்ராம் வந்தால் அதற்குத்தான் முதலில் பச்சை விளக்கு. பக்கத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்க, நாங்கள் தாண்டிப் போவோம். நீளமான வண்டி ஒன்று 45 மீட்டர், 280 பேருக்கு மேல் ஏறலாம். நான்கு வருடத்தில் வேலைக்குத் தாமதமாகப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேகம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று ஏறும்போதே தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. தண்டவாளத்தில் ஒரு கார் மாட்டிக்கொண்டால் மொத்த வழித்தடமும் நின்றுவிடும், பேருந்து மாதிரி ஒதுங்கிப் போக முடியாது. வேலைநிறுத்த நாட்களில் பனியில் நடந்திருக்கிறேன்.

"அதெல்லாம் பெரிய ஊருக்கு" என்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கும் சுற்றுப்புறமும் சேர்ந்தே சுமார் 5 லட்சம் பேர்தான். 2011 கணக்கெடுப்பிலேயே பாண்டியும் அதை ஒட்டிய பகுதிகளும் 6.5 லட்சத்தைத் தாண்டிவிட்டன, கடலூர் நகரத்தின் 1.7 லட்சம் தனி. அதன் பிறகு கிருமாம்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பம் வரை எத்தனை வயல் மனையானது என்று இந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். நம் நாட்டிலேயே 2019-இல் மத்திய அரசு மெட்ரோலைட் என்று இதற்கு வரையறை வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 15,000 பேர் வரை போகும் வழிகளுக்கானது. சுரங்கம் தோண்டி, வானத்தில் தூண் எழுப்பிச் செய்யும் மெட்ரோவைவிடச் செலவு மிகவும் குறைவு. இந்தச் செலவுக்குப் பிரான்சில் 11 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளிடம் போக்குவரத்துக்கென்று தனி வரி வாங்குகிறார்கள். ஆட்கள் நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் அவர்களுக்கும்தானே.

அடுத்த கேள்வி, பாதி தமிழ்நாடு, பாதி புதுச்சேரி, யார் போடுவது? 2017 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க் ட்ராமை ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊர் வரை நீட்டினார்கள். அக்காவும் நானும் முதல் வாரமே போனோம். நம்மவர்கள் எல்லை தாண்டிப் போய் பெட்ரோல் போடுவது போல, அங்கே சோப்பும் ஷாம்புவும் மலிவு என்று ஒரு கூட்டமே போகும். ஆறு தாண்டியதும் அக்கா, "ஏன்டா, வேற நாடு வந்துடுச்சா?" என்று கேட்டது. இரண்டு உலகப் போரில் எதிரெதிராக நின்ற நாடுகள். அவர்களால் சேர்ந்து தண்டவாளம் போட முடிந்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சந்திக்கும் முள்ளோடையில் நமக்கு என்ன தடை?

வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி, இந்தச் சாலையே நின்றுபோனது. புதுப் பாலம் கட்டினால் அந்த வெள்ளத்துக்கு மேலே கட்ட வேண்டும். அரியாங்குப்பம், முதலியார்பேட்டை பக்கம் சாலை குறுகல் என்பதும் உண்மை, கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசாமல் அங்கே ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. ஆனால் நான்குவழிச் சாலை இப்போது ஊருக்கு வெளியே போகிறது. தூரம் போகிற லாரியெல்லாம் அங்கே போகட்டும். பழைய சாலையில் மிச்சமாகும் இடத்தைத் திரும்பவும் காருக்கே கொடுத்துவிடாமல் தண்டவாளத்துக்கு ஒதுக்கி வைக்கட்டும்.

ஒரே மூச்சில் கடலூர் வரை வர வேண்டாம். தவளக்குப்பத்திலிருந்து பாண்டி வரை முதலில் போடட்டும். நிறுத்தத்தை ஒட்டி வண்டி விட ஒரு இடமும் கொடுத்தால், நான் தவளக்குப்பம் வரை பைக்கில் வந்து ஏறிக்கொள்கிறேன்.