சோஸ், சப்போர்ட்கான்ஃபிக், இன்க்ஸி, ஜர்னல்: லினக்ஸ் சர்வரின் கோளாறை உதவிக்குழுவிடம் எதைக்கொண்டு சொல்வது?

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளிலும், ஓசூர் சிப்காட்டை நம்பியிருக்கும் சிறு பட்டறைகளிலும், தருமபுரியின் கல்லூரி ஆய்வகங்களிலும் கணக்கு, இருப்பு, வருகைப் பதிவு போன்ற வேலைகளுக்காக லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. அது நின்றுபோனால் சரிசெய்ய வேண்டியவரோ பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறார். கணினியை நேரில் காணாத அவருக்கு நாம் அனுப்பும் தகவல் ஒன்றே ஆதாரம். அந்தத் தகவலைத் திரட்ட வழிகள் பல உள்ளன. பெறுபவர் மறுபடியும் நம்மைக் கேட்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா, அதற்குத் தேவைப்படாத நம் விவரம் வெளியே போகாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் வைத்தே இங்கே நான்கு வழிகளை எடைபோடுகிறேன்.

எந்தக் கருவியாக இருந்தாலும் அதை இயக்க வேண்டிய நேரம், முடிந்தவரை, கணினியை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்புதான். "சார், மெஷின் ஹேங் ஆயிடுச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், இப்ப நல்லா ஓடுது" என்று அலுவலகப் பணியாளர் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது, எந்த நிரல் நினைவகத்தை விழுங்கியது, எந்த இணைப்பு தொங்கிக்கொண்டிருந்தது, வட்டு பதில் சொன்னதா இல்லையா என்பவற்றைக் காட்டியிருக்கக்கூடிய நிலை முழுவதும் அழிந்துவிட்டிருக்கும். திரை உறைந்திருந்தாலும் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நான்கில் எளியது, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி எழுதிவரும் பதிவேடான ஜர்னல். கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இந்த முறை கணினி தொடங்கியது முதல் நடந்தவற்றை மட்டுமோ, இதற்கு முந்தைய ஓட்டத்தில் நடந்தவற்றை மட்டுமோ, பிழை நிலையிலுள்ள வரிகளை மட்டுமோ பிரித்தெடுக்கலாம். பிரச்சினை நடந்த நேரம் தெரிந்திருந்தால் அதற்கு முன்னும் பின்னுமான சில நிமிடங்களை எடுத்து அனுப்பினால் போதும். படிப்பவருக்கு அதைவிட உதவியானது வேறில்லை. ஆனால் வார் அடைவிலுள்ள லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் மட்டுமே இயல்பான அமைப்பில் பதிவுகள் வட்டில் தங்கும். இல்லையென்றால் அவை நினைவகத்தில் இருந்து, ரீஸ்டார்ட்டோடு போய்விடும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் வகை சர்வர்கள் பலவற்றில் இதுவே நிலைமை. அங்கே ஆர்சிஸ்லாக் என்ற பதிவுச் சேவை எழுதிவைக்கும் மெசேஜஸ் கோப்பு கைகொடுக்கும் என்றாலும், முந்தைய ஓட்டத்தைத் தனியே பிரித்துக் காட்டும் வசதி கிடைக்காது. அந்த அடைவை இன்றைக்கே உருவாக்கி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கோப்பு முறைமையின் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 4 ஜிபி என்ற வரம்பு ஏற்கெனவே இருப்பதால் வட்டு நிரம்பிவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை.

பதிவுகளோடு கணினியின் முழு அமைப்பையும் சேர்த்துத் தருவது சோஸ். பைத்தானில் எழுதப்பட்ட இக்கருவி ரெட் ஹேட் சூழலில் வளர்ந்தது. இப்போது டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கிறது. பழைய கையேடுகளில் சோஸ்ரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக இருக்கும் கட்டளை, 2020இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து சோஸ் ரிப்போர்ட் என்று இரு சொல்லாகிவிட்டது. ரூட் என்ற முழு நிர்வாகி உரிமையோடு இயக்கினால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வட்டு, வலைப்பின்னல், நிறுவப்பட்ட தொகுப்புகள், சேவைகளின் அமைப்புக் கோப்புகள் என ஒவ்வொன்றுக்கும் உரிய பிளகின் (துணை நிரல்) தன் பங்கைத் திரட்டி, எல்லாவற்றையும் சுருக்கிய ஒரே கோப்பாக்கி, கோப்பு வழியில் மாறவில்லை என்று உறுதிசெய்ய உதவும் சரிபார்ப்புத் தொகையையும் திரையில் காட்டும். பதிவுகளுக்கு 25 எம்பி என்ற இயல்பு வரம்பு இருப்பதால் ஒரு பிளகின் மட்டும் கட்டுமீறிப் பெருத்துவிடாது; ஆனால் பிரச்சினை மூன்று நாள் முன்பு நடந்ததாக இருந்து, பதிவுகள் வேகமாக நிறையும் சர்வராகவும் இருந்தால், தேவையான பகுதி வெட்டுப்பட்டுப் போகக்கூடும். அப்போது வரம்பை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

சோஸை நான் மற்றவற்றுக்கு மேலாக மதிப்பது அதன் கிளீன் வசதிக்காகத்தான். ஐபி முகவரி, கணினிப் பெயர், மேக் முகவரி (வலைப்பின்னல் சாதனத்தின் அடையாள எண்), பயனர் பெயர் ஆகியவற்றை அது மாற்றுப் பெயர்களால் மறைக்கிறது. ஒரே முகவரி கோப்பு முழுவதும் ஒரே மாற்றுப் பெயரைப் பெறுவதால், எந்தக் கணினி எதனோடு பேச முயன்று தோற்றது என்ற தொடர்பு படிப்பவருக்கு அறுபடாது. நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர் போன்ற சொற்களை நாமே பட்டியலாகக் கொடுத்து அவற்றையும் மறைக்கச் செய்யலாம். எது எதுவாக மாறியது என்ற அட்டவணை நம் கணினியிலேயே தங்கும். அதை ஒருபோதும் அனுப்பக்கூடாது. இருந்தாலும், அனுப்புவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோஸே இயங்கும்போது திரையில் அறிவிக்கிறது. அதை வெறும் சம்பிரதாயமாகக் கருதி என்டர் தட்டக்கூடாது. பயன்பாட்டு நிரல்கள் தம் பதிவில் எழுதிவைக்கும் கைபேசி எண்ணையும் ஆதார் எண்ணையும் எந்தக் கருவியும் தானாகக் கண்டறிந்துவிடும் என்று நம்ப முடியாது.

கோப்பின் அளவும் ஒரு சிக்கல். கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் இடத்திலிருந்து நூறு எம்பிக்கு மேற்பட்ட கோப்பைப் பதிவேற்றுவது வேதனையான வேலை. வலைப்பின்னல் சிக்கல் என்று உறுதியாகத் தெரிந்தால், அதற்குரிய பிளகின்களையும் பதிவுக்கான பிளகினையும் மட்டும் தேர்ந்தெடுத்து இயக்கினால் கோப்பும் சிறுக்கும், நேரமும் மிஞ்சும்.

சூசே லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. சப்போர்ட்கான்ஃபிக்தான், அவர்களின் உதவிக்குழு கேட்பதும் அதையேதான். சோஸ் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகச் சிதறடிப்பதை இது தலைப்பு வாரியாகச் சில பெரிய உரைக் கோப்புகளாகத் தொகுக்கிறது. வலைப்பின்னல் கோப்பைத் திறந்தால் எந்தக் கட்டளை, அதன் விடை என்ன என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். படிப்பதற்கு இந்த முறையே எனக்கு வசதியாகத் தோன்றுகிறது. கடவுச்சொற்களை நீக்க இதுவும் முயல்கிறது. ஆனால் சோஸிடம் உள்ளதுபோல் முகவரிகளை ஒழுங்காக மறைக்கும் ஏற்பாடு இதற்குள்ளேயே இல்லை.

இன்க்ஸி வேறு இனம். தொடக்கத்தில் ஷெல் நிரலாக இருந்து, 2018இல் மூன்றாம் பதிப்பின்போது பெர்ல் மொழிக்கு மாறிய இது, பதிவுகள் எதையும் திரட்டுவதில்லை. எந்தச் செயலி, எந்தக் கிராபிக்ஸ் கார்டு, அதற்கு எந்த டிரைவர், எத்தனை வட்டுகள், வெப்பநிலை எவ்வளவு என்பதை ஓரிரு திரையளவு உரையாகத் தருகிறது, அவ்வளவுதான். கட்டளையோடு சேர்க்கும் எழுத்துகளில் பெரிய எஃப் முழு விவரத்தையும், சிறிய இசட் வரிசை எண், முகவரி போன்றவற்றின் மறைப்பையும் குறிக்கும். வைஃபை பிடிக்கவில்லை, ஒலி வரவில்லை, புரொஜெக்டரில் படம் தெரியவில்லை என்ற மேசைக் கணினிப் பிரச்சினைகளுக்கு இதுவே போதுமானது. தருமபுரியிலுள்ள ஒரு பள்ளி ஆய்வகத்தின் கணினிக்காக சோஸ் கோப்பை அனுப்பினால் அதைப் பிரித்துப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இருக்காது. இன்க்ஸியின் சில வரிகளை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைமணி நேரத்தில் விடை வந்துவிடலாம். திரையைப் படமெடுத்து அனுப்பாமல் உரையாகவே ஒட்ட வேண்டும். படத்திலுள்ள சாதன எண்ணைத் தேடல் பெட்டியில் போட முடியாது.

மாங்கூழ் சீசனின் நடுவே, இரவில், ஆலையின் சர்வர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது என்று கொள்வோம். இன்க்ஸி இதற்கு உதவாது. கணினி எழுந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கணினி எழுந்ததும் அணைந்ததும் எப்போது என்று காட்டும் லாஸ்ட் கட்டளையை எக்ஸ் தெரிவோடு இயக்கினால் அந்த நேரத்துக்கு எதிரே கிராஷ் என்று இருக்கும்; முறையாக நிறுத்தப்படவில்லை என்பதே அதன் பொருள். மின்சாரம் போனதா, கர்னல் விழுந்ததா என்பதை அந்தச் சொல் பிரித்துச் சொல்வதில்லை. முந்தைய ஓட்டத்தின் ஜர்னலில் கடைசி வரிகளைப் பார்க்க வேண்டும். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள் பேட்டரிக்கு மாறியதாக எழுதியிருந்தால் மின்வாரியத்தையும் பேட்டரியின் வயதையும் விசாரிக்கலாம். நினைவகப் பிழைகள் வரிசையாக வந்திருந்தால் சந்தேகம் வன்பொருள்மேல் திரும்பும். இவ்வளவும் ஜர்னலே தந்துவிடும். சோஸ் இதனோடு கர்னல் பதிப்பையும் அமைப்புகளையும் சேர்த்துத் தருவதால் அடுத்த கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

ஆகவே, உதவி ஒப்பந்தம் உள்ள சர்வருக்கு கிளீன் செய்த சோஸ், சூசேயானால் சப்போர்ட்கான்ஃபிக், ஒப்பந்தம் இல்லாத மேசைக் கணினிக்கு இன்க்ஸியும் ஜர்னலின் பிழை வரிகளும் என்பதே என் பரிந்துரை. எதை அனுப்பினாலும் எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன மாற்றினோம் என்ற இரண்டு வரிகளை மேலே எழுதி, நேரத்துக்கு எதிரே இந்திய நேரம் என்றும் குறிப்பிட வேண்டும். யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் வேலை பார்ப்பவர் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

கர்னலே நிலைகுலையும் சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த நான்கும் போதாமல் போகலாம், ஏனெனில் கடைசிச் செய்தியை வட்டில் எழுதக் கர்னலுக்கே வாய்ப்பு கிடைத்திருக்காது. அந்தச் சந்தேகம் உள்ள சர்வரில், கர்னல் விழும்போது நினைவகத்தில் இருந்ததைப் படமாகச் சேமிக்கும் கேடம்ப் சேவையை முன்கூட்டியே இயக்கி, அதற்கான நினைவகத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அது சேமிக்கும் நினைவகப் படம் பெரியது, அதில் ரகசியங்களும் இருக்கும்; உதவிக்குழு கேட்டால் மட்டும், அவர்கள் காட்டும் பாதுகாப்பான வழியில் அனுப்ப வேண்டும்.