கால் ரத்தக்கட்டுக்கு அசிட்ரோமா, அபிக்சபானா?

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் என் அத்தைக்கு இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. அட்டை கடித்திருக்கும் என்று இரண்டு நாள் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். கம்பத்தில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில், ரத்தக்கட்டு என்று தெரிந்தது. கட்டி பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் குறைந்தது 3 மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. எதை எடுப்பது?

வார்ஃபரினும் அசிட்ரோமும் பழைய வகை, விலை குறைவு. ஆனால் வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும். அதுவரை, குறைந்தது 5 நாள், ஹெபாரின் வகை ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். அப்புறம் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை. அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரலாம், கூடினால் ரத்தம் கசியலாம். இந்த மாத்திரை, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பது, முருங்கைக்கீரையிலோ அதே வைட்டமின் ஏராளம். கீரையை விட வேண்டியதில்லை; ஒரு வாரம் தினமும், மறு வாரம் துளியும் இல்லை என்றால்தான் அளவு ஆடும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் அப்படித்தான், மரம் துளிர்த்தால் தினமும் கீரைதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் குமுளி வழியாகக் கம்பம் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. அதையும் கூட்டிப் பாருங்கள், மலிவு மாத்திரை மலிவாக இருக்காது.

புதிய வகையான அபிக்சபானுக்கு ஊசியும் வேண்டாம், ஐ.என்.ஆரும் வேண்டாம். முதல் 7 நாள் 10 மி.கி. இரு வேளை, பிறகு 5 மி.கி. இரு வேளை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆம்ப்ளிஃபை ஆய்வில் பெரிய ரத்தக்கசிவு இதில் 0.6%, பழைய முறையில் 1.8%. ரிவராக்சபானும் இதே இனம்தான், ஆனால் சாப்பாட்டோடு போட வேண்டும். காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. குறை என்றால், இரண்டு வேளை மறந்தாலே பாதுகாப்பு போய்விடும். சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்குப் பழைய வகை, புதிய வகை இரண்டும் இல்லை, ஹெபாரின் வகை ஊசிதான்.

எந்த மாத்திரையானாலும் மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அத்தையிடம் அதைப் பிடுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

டாக்டர் அபிக்சபான் எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. காலைக் கட்டன்சாயாவோடு ஒன்று, ராத்திரிக் கஞ்சியோடு ஒன்று. அடுத்த லயத்து அக்காவுக்கு இதயத்தில் உலோக வால்வு. அவருக்குப் புதிய மாத்திரை ஆகாது; பழைய மாத்திரைதான், மாதாமாதம் ஐ.என்.ஆர். நோட்டுப் புத்தகத்தோடு கம்பம் பஸ்தான்.