சோலாரில் ஹீட் பம்ப் ஓட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஸ்டார்ட்டிங் கரண்ட்டைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டுக்கு வெளி மின் இணைப்பே கிடையாது. பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், ஹீட் பம்ப் (ஏசி போலக் கம்ப்ரசரால் வெப்பத்தை இடம் மாற்றும் கருவி) எல்லாமே ஒரே வியாபாரியிடம் வாங்கியவை. "ஓடும்போது 1,600 வாட்தான் இழுக்கும், 3,000 வாட் இன்வெர்ட்டர் தாராளம்" என்று அடித்துச் சொன்னார். முதல் நாள் இரவே கம்ப்ரசர் உறுமியது, இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி அணைந்தது, வீடு முழுக்க இருட்டு. நல்ல வெயிலில் எப்போதாவது ஓடும். இரவில் கிளம்பவே கிளம்பாது.

அவர் அனுப்பிய ஆள் அழுத்தம் காட்டும் கேஜ்கூட மாட்டிப் பார்க்காமல், "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று ஏற்றிவிட்டுத் தனியாகப் பணம் வாங்கிப் போனார். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெப்பத்தைச் சுமக்கும் இந்தக் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது, ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஏற்றுவது வீண், அளவு மீறினால் கம்ப்ரசருக்கே கேடு. அடுத்த முறை வந்தவர் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்.

வேறொரு எலக்ட்ரீஷியன் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை, கிளம்பும் நொடியின் உச்சத்தைப் பதியும் இன்ரஷ் நிலையில் வைத்துப் பிடித்தார். ஓடும்போது 7 ஆம்பியர், கிளம்பும் நொடியில் 36! யூனிட் ஸ்டிக்கரிலேயே எல்.ஆர்.ஏ. (மோட்டார் இன்னும் சுழலாத நிலையில், அதாவது கிளம்பும் நொடியில், இழுக்கும் ஆம்பியர்) 38 என்று அச்சிட்டிருக்கிறது. 230 வோல்ட்டில் அது 8,700 வோல்ட்-ஆம்பியரைத் தாண்டும். விற்றவர் இதைப் பார்க்கவேயில்லை. போதாததற்கு, 24 வோல்ட் பேட்டரிக்கு மெல்லிய கேபிள் போட்டிருந்ததால் அந்த நொடியில் இன்வெர்ட்டர் முனையில் 20 வோல்ட்தான் இருந்தது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அணைந்த இன்வெர்ட்டர் சில நொடிகளில் தானாக உயிர்பெற, கம்ப்ரசர் உடனே மறுபடி முயல்கிறது. நின்றபின் இருபக்க அழுத்தமும் சமமாக 3 நிமிடமாவது வேண்டும். அதற்குள் திரும்பத் திரும்ப முட்டினால் நல்ல கம்ப்ரசரின் சுருளும் சூடேறிக் கருகிவிடும். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் ஹீட் பம்ப்பின் பிரேக்கரை அணையுங்கள்.

கிளம்பும் கரண்ட்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் தடித்த கேபிளும் போட்டபின் இரவிலும் ஓடுகிறது. கம்ப்ரசரை மாற்றவில்லை.

இனி வாங்குபவர்கள், வேகம் மாறும் இன்வெர்ட்டர் வகைக் கம்ப்ரசரைக் கேளுங்கள், அது மெதுவாகவே கிளம்பும். சாதா வகையென்றால் எல்.ஆர்.ஏ. எவ்வளவு, சோலார் இன்வெர்ட்டர் உச்சச் சுமையை எத்தனை நொடி தாங்கும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேஸுக்கு வாங்கிய பணத்தை வியாபாரி திருப்பித் தர மறுக்கிறார். மீட்டர் படங்களோடு எழுத்தில் கேட்டிருக்கிறேன்.