டிரமடாலா, மணி பார்த்துப் பாராசிட்டமாலா?

இடது மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்த நான்காம் நாள், பக்கவாட்டில் காயத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்தேன். சீட்டில் டிரமடால் 50 மி.கி. காலை, இரவு, பாராசிட்டமால் 650 'வலித்தால் மட்டும்'. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது நான் பாராசிட்டமால் கட்சி.

வலியை அமுக்குவதில் எனக்கு டிரமடால்தான் மேலாகப் பட்டது. தலைசுற்றலும் குமட்டலும் போகப் போகக் குறையும் என்றார் சிஸ்டர், குறைந்தது. குறையாதது மலச்சிக்கல். டிரமடால் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து; இந்த வகை மருந்து குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். மாத்திரையை நிறுத்தும்வரை அது விடாது. கொய்யாவும் பப்பாளியும் தோற்றன. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, ஒரு கையில் டிரெயின் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையில் முக்கினேன் பாருங்கள், தையல் நெடுக சுருக்கென்று இழுத்தது. ஆபரேஷன் வலி மறந்துவிட்டது, அந்த அரை மணி நேரம் மறக்கவில்லை. டிரமடால் எழுதினால் கூடவே மலமிளக்கியும் எழுத வேண்டும். என் சீட்டில் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "சரி, டிரமடாலை நிறுத்திடுங்கம்மா. பாராசிட்டமாலை வலி இருக்கோ இல்லையோ ஆறு மணி நேரத்துக்கொரு தடவை போடுங்க" என்றார். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்குமா என்று அக்கா சிரித்தாள். கேட்டது. வலி ஏறிய பிறகு போட்டபோது பிடிபடாத அதே மாத்திரை, ஏறுவதற்கு முன்னால் போட்டபோது போதுமானதாக இருந்தது. இரவு 2 மணி அலாரம்தான் தொல்லை. நாளைக்கு நான்கு, அதாவது 2600 மி.கி.; 4000-ஐத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கவனம். ஐபுபுரோஃபெனும் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்குமாம். எனக்கு அல்சர், அதனால் தரவில்லை.

மேல்கையின் உள்பக்க எரிச்சல் மட்டும் பாராசிட்டமாலுக்கு மசியவில்லை. அது நரம்பு வலி, அதற்குத் தனி மருந்து. மார்பை மறுபடி உருவாக்கும் ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்களின் வலி வேறு. அவர்களுக்கு டிரமடால் தேவைப்படலாம், நான் வாய் திறக்க மாட்டேன். டிரமடாலை வலுவான பொருளாக மாற்றும் ஈரல் நொதியும் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். என்னைப் படுத்தியது உங்களை ஒன்றும் செய்யாமலும் போகலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மீந்த நான்கு டிரமடாலைத் தன் முதுகு வலிக்குக் கேட்டார் வீட்டுக்காரர். 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது என்று சொல்லி, கொடுக்க மறுத்துவிட்டேன்.