பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள்: உயிரணுவிலிருந்து படிப்பதா, கிருமியிலிருந்து படிப்பதா?

பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகளைத் தேர்வுக்கு முன் திருப்பிப் படிக்கும் மருத்துவ மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் காட்டுவது முதல் வழி: எதிர்ப்பொருள் உருவாக்கும் பி உயிரணு, நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி உயிரணு, கிருமியை விழுங்கி அழிக்கும் விழுங்கணு, கிருமியைத் தாக்க உதவும் இரத்தப் புரதங்களான காம்ப்ளிமென்ட் என்று பழுதுபட்ட பகுதியைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் மரபணுவையும் நோயின் பெயரையும் அடுக்குவது. மற்றது, எந்த வயதில் எந்தக் கிருமி தாக்குகிறது என்பதில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று பழுதைக் கண்டறிவது. திருப்புதலுக்கு இரண்டாவது வழியே மேலானது என்பது என் கருத்து. ஆனால் ஒரு முக்கியமான நோய்த்தொகுதியில் அது கைகொடுக்காது.

முதல் வழியின் வலிமை அதன் ஒழுங்கு. இக்குறைபாடுகளின் பன்னாட்டு வகைப்பாடு 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 485 கோளாறுகளைப் பட்டியலிட்டது. அத்தனையையும் வகைப்படுத்தாமல் மனத்தில் நிறுத்த யாராலும் இயலாது. ஆயினும், ஒரே தலைப்பின் கீழ் அருகருகே எழுதப்பட்ட நோய்கள் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இதற்குத் தெளிவான சான்று எதிர்ப்பொருள் குறைபாடுகள்தாம்.

புரூட்டன் 1952இல் விவரித்த, எக்ஸ் குரோமோசோம் வழி வரும் அகாமாகுளோபுலினீமியா, ஹைப்பர் ஐஜிஎம் நோய்க்குறி, சிவிஐடி (பொது மாறுபடு நோயெதிர்ப்புக் குறைபாடு) ஆகிய மூன்றிலும் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் வகை குறைகிறது. மூன்றிலும் காது, சைனஸ், நுரையீரல் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வயதையும் கிருமியையும் முன்னிறுத்தினால் மூன்றும் தனித்தனியே நிற்கும். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி தீர்ந்துபோகும் ஆறு மாதத்துக்குப் பின், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற உறை கொண்ட பாக்டீரியாக்களால் அடிக்கடி நோயுறும் ஆண் குழந்தை, டான்சில் கண்ணுக்கே தெரியாத தொண்டை, இரத்தத்தில் ஏறத்தாழ இல்லாத சிடி19 உயிரணுக்கள் (அதாவது பி உயிரணுக்கள்) என்றால், மேலே முதலில் சொன்ன நோய்க்குக் காரணமான பிடிகே மரபணுவை நினைக்க வேண்டும். அதே வயதுக் குழந்தைக்கு நிமோசிஸ்டிஸ் நிமோனியாவோ கிரிப்டோஸ்போரிடியம் வயிற்றுப்போக்கோ வந்தால், எதிர்ப்பொருள் குறைபாடு மட்டும் அதை விளக்காது. டி உயிரணுவின் மேலுள்ள சிடி40 லிகாண்ட் ஐஜிஎம் எதிர்ப்பொருளை மற்ற வகைகளுக்கு மாற்றுவதற்கு மட்டுமன்றி, மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவைத் தூண்டுவதற்கும் தேவைப்படுகிறது. ஹைப்பர் ஐஜிஎம் நோய்க்குறியில் பெரும்பாலும் நிகழ்வது போல அது பழுதானால், பி உயிரணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்க, இரண்டு வேலைகளும் நின்றுபோகின்றன. பன்னாட்டு வகைப்பாடு இதனைக் கூட்டுக் குறைபாடுகளில் சேர்த்திருப்பதன் காரணத்தை அந்தக் கிருமிகளே சொல்லிவிடுகின்றன. சிவிஐடி பெரும்பாலும் இளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோ வெளிப்படுகிறது. பி உயிரணுக்கள் பொதுவாக இருக்கும், ஆனால் தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் சரிவர உருவாகாது, தன்னுடல் தாக்கு நோய்களும் கூடவே வரும்.

விழுங்கணுக் குறைபாடுகளிலும் கிருமியே வழிகாட்டுகிறது. செர்ரேஷியா, பர்க்கோல்டேரியா, நோகார்டியா, அஸ்பெர்ஜில்லஸ் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால், என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்னும் நொதி பழுதான நாட்பட்ட கிரானுலோமா நோயை நினைத்து, அந்த நொதியின் செயலைக் காட்டும் டைஹைட்ரோரோடமின் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இவற்றைக் கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி) உள்ள கிருமிகள் என்று மனப்பாடம் செய்வது பயனுள்ள நினைவுக்குறிப்புதான். ஆனால் கேட்டலேஸ் நீக்கப்பட்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இந்நோயுள்ள எலிகளில் வீரியம் குறையாமல் இருந்ததால், அதனை நோய் உண்டாகும் முறைக்கான முழு விளக்கமாகக் கொள்ளக் கூடாது. லியூகோசைட் ஒட்டுதல் குறைபாட்டில் கிருமியை விட அழற்சியின் தோற்றமே பேசுகிறது: தொப்புள்கொடி தாமதமாக விழுவது, நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிக உயர்ந்திருந்தும் தொற்று இருக்குமிடத்தில் சீழ் இல்லாதது. காம்ப்ளிமென்ட் பகுதியை நீட்ட வேண்டியதில்லை. நைசீரியா தொற்று மீண்டும் மீண்டும் வந்தால், காம்ப்ளிமென்டின் மொத்தச் செயலை அளக்கும் சிஹெச்50 சோதனையும், சி5 முதல் சி9 வரையிலான புரதங்களும் நினைவுக்கு வந்தால் போதும்.

இரண்டாவது வழி கைவிடும் இடம், கடுமையான கூட்டுக் குறைபாடான ஸ்கிட். வாய்ப்பூஞ்சை, நிமோசிஸ்டிஸ், வைரஸ், தீராத வயிற்றுப்போக்கு என எல்லாக் கிருமிகளும் நுழைவதால், எந்தக் கிருமியும் உட்பிரிவைச் சுட்டாது. இங்கே உயிரணு அட்டவணைக்கு மாற்றே இல்லை. பொது காமா சங்கிலியோ ஜாக்3யோ பழுதானால் டி உயிரணுவும் இயற்கைக் கொல்லி உயிரணுவும் இல்லாமல் பி மட்டும் இருக்கும். ஐஎல்-7 ஏற்பி பழுதானால் டி மட்டும் இல்லாமற்போகும். ராக் மரபணுக்கள் பழுதானால் டி, பி இரண்டும் இரா, இயற்கைக் கொல்லி இருக்கும். அடினோசின் டிஅமினேஸ் குறைந்தால் மூன்றுமே குறையும். பெயரைக் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் செய்ய வேண்டியவற்றையும் இந்த அட்டவணையின் ஓரத்திலேயே எழுதி வைப்பது நல்லது: லிம்போசைட் எண்ணிக்கையைப் பச்சிளம் குழந்தைக்குரிய அளவோடு ஒப்பிடுவது, உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்ப்பது, கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட இரத்தத்தை மட்டுமே ஏற்றுவது. டிஜார்ஜ், விஸ்காட்-ஆல்ட்ரிச் ஆகிய நோய்க்குறிகளையும் கிருமியில் தேட வேண்டாம். முன்னதில் கால்சியக் குறைவும் இதயக் கோளாறும், பின்னதில் அளவில் சிறிய தட்டணுக்களும் அரிப்புத் தோல் அழற்சியும் முந்திக்கொள்கின்றன.

இரண்டு வழிகளும் சந்திக்கும் இடத்தை நான் தனியாகப் படிக்கச் சொல்வேன். பிசிஜி தடுப்பூசிக்குப் பின் உடலெங்கும் பரவிய பிசிஜி தொற்று ஒரு குழந்தையிடம் காணப்பட்டால், கிருமியின் தடம் ஸ்கிட், நாட்பட்ட கிரானுலோமா நோய், இன்டர்லூக்கின்-12/இன்டர்ஃபெரான் காமா பாதைக் குறைபாடு ஆகிய மூன்று வாசல்களில் முதலில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து லிம்போசைட் உட்பிரிவு எண்ணிக்கை முதல் வாசலையும், டைஹைட்ரோரோடமின் சோதனை இரண்டாவதையும் திறக்கவோ மூடவோ செய்யும். இரண்டும் இயல்பாக இருக்க, சால்மொனெல்லா தொற்றும் முன்பு வந்திருந்தால், மூன்றாவது பாதையின் மரபணுக்களைத் தேட வேண்டும்.