இம்ப்ரவ் காமெடி: ஷார்ட் ஃபார்மா, லாங் ஃபார்மா?

சென்னையில் இம்ப்ரவ் காமெடிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்: ஷார்ட் ஃபார்மா, லாங் ஃபார்மா? இரண்டிலுமே எழுதி வைத்த வசனம் கிடையாது, மேடையிலேயே இட்டுக்கட்டி நடிப்பார்கள். ஆனால் உட்கார்ந்து பார்க்கும் அனுபவம் வேறு வேறு. போன மாதம் ஒரு லாங் ஃபார்ம் ஷோவைப் பார்த்து நொந்துபோனேன். இனி எனக்கு ஷார்ட் ஃபார்ம்தான்.

ஷார்ட் ஃபார்ம் பலருக்கும் தெரிந்ததே. 1988-இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே?' டிவி நிகழ்ச்சி இந்த ரகம். மூன்று நான்கு நிமிட விளையாட்டுகள். கேள்வியாக மட்டுமே பேச வேண்டும் என்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை.

லாங் ஃபார்ம் என்பது நீளமாகத் தொடர்ந்து போகும் காட்சிகள். அதில் புகழ்பெற்ற வடிவம் 'ஹெரால்ட்'. 1960-களில் அமெரிக்க இம்ப்ரவ் கலைஞர் டெல் க்ளோஸ் உருவாக்கியது. பார்வையாளர்களிடம் ஒரே ஒரு சொல் வாங்குவார்கள். அதிலிருந்து சம்பந்தமில்லாத மூன்று காட்சிகள் பிறக்கும். அவை மறுபடி மறுபடி வந்து, கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். கேட்கவே ஆசையாக இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே விஷயத்தில் முடிவாகிவிடுகிறது: தேறாத காட்சியை யார் வெட்டுவது? ஷார்ட் ஃபார்மில் அதற்கென்றே தொகுப்பாளர் இருக்கிறார். நல்ல சிரிப்பு வந்த இடத்திலோ, சிரிப்பே வராது என்று தெரிந்த இடத்திலோ மணியை அடித்துவிடுவார். லாங் ஃபார்மில் ஓரமாக நிற்கும் சக நடிகர் யாராவது மேடையின் குறுக்கே ஓடி வெட்ட வேண்டும். 'ஸ்வீப்' என்பார்கள். நான் பார்த்த ஷோவில் அந்த ஓட்டத்துக்கு யாரும் துணியவில்லை.

கிடைத்த சொல் 'குடை'. "கொஞ்சம் இப்படிச் சாய்ங்க மாமா, நனையுது" என்று அழகாகத் தொடங்கினார் ஒரு பெண். எதிரே நின்றவர், "எது குடை? என் கையில ஒண்ணும் இல்லையே" என்றார். எதிராளி சொன்னதை ஏற்றுக்கொண்டு மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இம்ப்ரவின் அரிச்சுவடி. அந்தப் பதிலுக்குச் சிரிப்பு வந்தது. காட்சி அங்கேயே படுத்துவிட்டது. அதன்பிறகு குடை இருக்கிறதா இல்லையா என்று இருவரும் வாதாட, ஓரத்தில் நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதைவிடக் கொடுமை, ஹெரால்ட் இலக்கணப்படி அதே மாமாவும் அதே குடையும் மறுபடி வந்தார்கள். ஷார்ட் ஃபார்மில் சொதப்பிய விளையாட்டு சொதப்பியதோடு போய்விடும். இதில் அதன் மேல்தான் அடுத்த மாடியைக் கட்ட வேண்டும்.

லாங் ஃபார்ம் நான் அதிகம் பார்த்ததில்லை. பல வருஷம் சேர்ந்தே ஆடும் குழு கையில் இது வேறு மாதிரி இருக்கலாம். அந்தப் பெண்ணின் முதல் வரியைக் கேட்டபோது அப்படித்தான் தோன்றியது. ஷார்ட் ஃபார்மிலும் குறை உண்டு. ஷோ முடிந்து வீடு வருவதற்குள் பாதி மறந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடைக்கு இழுப்பார்கள், கூச்சப்படுகிறவர்கள் பின்னால் இடம் பிடியுங்கள்.

முதல் பாதி விளையாட்டு, இடைவேளைக்குப் பிறகு லாங் ஃபார்ம் என்று கலந்து போடும் ஷோ கிடைத்தால் தாராளமாகப் போகலாம். முதல் பாதியிலேயே குழுவின் லட்சணம் தெரிந்துவிடும்.